தொள்ளாயிரம் ரூபாய் ரசீதும் என் முதல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜும்

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். சித்திரையில் அம்மன் கொடை, கோயில் திருவிழாதான். கொடை என்றால் வரி உண்டு. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடிப்பார்கள், அதற்கு மேல் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறவர்கள் 501, 1,001 என்று நன்கொடை அனுப்புவார்கள், எல்லாவற்றுக்கும் ரசீது போட வேண்டும். வரவு செலவு பார்ப்பது என் பெரியப்பா. போன கொடைக்கு முந்தின கொடையில் அவர் என்னைக் கூப்பிட்டு, “எய்யா, நீ கம்ப்யூட்டர்தான படிச்சிருக்க, ரசீதை போன்லயே போட்டு வாட்சப்புல அனுப்புத மாதிரி ஒண்ணு செஞ்சு குடு” என்றார்.

செய்து கொடுத்தேன். சின்ன வலைப்பக்கம்தான், பெயர், தெரு, தொகை மூன்றையும் போட்டால் ரசீது வந்துவிடும். ஆனால் தொகை எண்ணில் மட்டும் இருந்தால் பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், எழுத்திலும் இருக்க வேண்டும், எண்ணில் ஒரு சுழியைச் சேர்த்துவிடலாம், எழுத்தில் அது முடியாது என்பார். அதனால் 1,001 என்று கொடுத்தால் ‘ஆயிரத்து ஒன்று’ என்று திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதினேன். பிற்பாடு அந்த ஒரு ஃபங்ஷன்தான் என் முதல் பேக்கேஜ் ஆனது. பேக்கேஜ் என்றால் பல நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரே இடத்தில் கட்டி வைத்த நிரல். ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிற தம்பி தங்கைகள் “பேக்கேஜ் செஞ்சு பழகணும், என்ன எடுக்கலாம்?” என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன், இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கொடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருவர் பாக்கித் தொகை 900 ரூபாயைக் கட்டினார். பெரியப்பா ரசீதை வாய்விட்டு வாசித்தார். “ரூபாய் ஒன்பதுநூறு மட்டும்.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “என்னடே இது, ஒன்பதுநூறு?”

நடந்தது இதுதான். இருநூறு, முன்னூறு, நானூறு என்று முன்பகுதியோடு ‘நூறு’ சேர்த்து ஒரு சூத்திரம் மாதிரி எழுதியிருந்தேன். எண்ணூறு வரைக்கும் சரியாக வந்ததாகத்தான் அப்போது நினைத்தேன், ஒன்பதையும் அதே ஓட்டத்தில் விட்டுவிட்டேன். தமிழில் ஒன்பது அப்படி நடப்பதில்லை. தொண்ணூறில் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒளிந்திருக்கிறது, ஒவ்வொரு படியிலும் ஒன்பது மட்டும் அடுத்த படியின் பெயரை எடுத்துக்கொள்கிறது. தொல்காப்பியத்தில் குற்றியலுகரப் புணரியலிலேயே இந்தச் சொற்கள் எப்படிப் புணரும் என்று விதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் எதற்கு என்று நினைத்தவன், இரண்டாயிரம் வருடப் பழைய விதி என் நிரலில் ஒரு ‘இஃப்’ வரியாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே சிலிர்த்துப் போனேன்.

திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் அந்த ஃபங்ஷன் வேறு இரண்டு இடங்களுக்குப் போயிருந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு பில் போடும் நிரலில் அதே கோப்பைக் காப்பி செய்து போட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் டியூஷன் நடத்தும் நண்பனுக்கு ஃபீஸ் ரசீதுக்காக இன்னொரு காப்பி. கொடை ரசீதில் திருத்தினேன், மற்ற இரண்டும் என் நினைவிலேயே இல்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி ஒரு பில்லை எடுத்துக் காட்டினார். குத்துவிளக்கு, 2,900 ரூபாய். ‘இரண்டாயிரத்து ஒன்பதுநூறு’ என்பதைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் வாங்கிய விளக்கு. “தம்பி, கணக்கு சரியாத்தான் இருக்கு, தமிழ்தான் தப்புன்னு சொல்லிட்டுப் போனாரு” என்றார் அண்ணாச்சி. வட்டத்துக்குப் பக்கத்திலேயே வாத்தியார் திருத்தியும் எழுதியிருந்தார்: ‘இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்’. ஒரு வட்டத்துக்குள் இரண்டு பிழை. நடுவில் வரும் ‘த்’ எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குத்தான் காப்பி செய்வதை விடுவது என்று முடிவு செய்தேன். ஒரு இடத்தில் திருத்தினால் மூன்று இடத்திலும் திருந்த வேண்டும், பேக்கேஜ் என்பது இதற்காகத்தான். பேக்கேஜ் செய்து பழக வேண்டும் என்பதற்காக எதையாவது தேடிக் கண்டுபிடிக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் காப்பி செய்த ஒன்று உங்களிடமே இருக்கும், அதை எடுங்கள். சரியா தப்பா என்பதைக் கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரும் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு எண்ணைக் கூட்டும் பேக்கேஜ் செய்தால் அதில் பிழை கண்டுபிடிக்க யாரும் இல்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. எனக்குப் பெரியப்பாவும் ஒரு வாத்தியாரும் கிடைத்தார்கள்.

முதல் வேலை பிரிப்பது. பழைய ஃபங்ஷன் தொகைப் பெட்டியிலிருந்து தானே எண்ணை எடுத்து, தானே சொல்லாக்கி, ரசீதில் அந்த இடத்தில் தானே எழுதிவிட்டு வந்தது, கூடவே ‘ரூபாய்’, ‘மட்டும்’ இரண்டையும் ஒட்டிக்கொண்டது. டியூஷன் நண்பனுக்குக் காப்பி செய்தபோது அவன் பக்கத்தில் அந்தப் பெட்டியே கிடையாது, அதற்காக நிரலை வளைத்து ஒட்டுப் போட்டிருந்தேன். இப்போது அதையெல்லாம் வெட்டி எறிந்தேன். எண் உள்ளே போகும், சொல் வெளியே வரும், அவ்வளவுதான். பக்கத்தைத் தொடாது, எதையும் அச்சிடாது, வெளியே உள்ள எந்த மாறியையும் பார்க்காது. ‘ரூபாய்’ போடுவது ரசீதின் வேலை. இந்த ஒரு பிரிப்பைச் செய்து முடித்ததுமே பாதி பேக்கேஜ் ஆகிவிட்டது என்றுதான் சொல்வேன், மீதியெல்லாம் பொட்டலம் கட்டுகிற வேலை.

உள்ளே இருக்கும் தமிழைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நான் அதிகம் கற்றது அங்கேதான். ஒவ்வொரு எண்ணுப் பெயருக்கும் இரண்டு வடிவம் உண்டு. கடைசியில் நிற்கும்போது நூறு, ஆயிரம், லட்சம், இருபது, தொண்ணூறு. பின்னால் இன்னொன்று வந்தால் நூற்று, ஆயிரத்து, லட்சத்து, இருபத்து, தொண்ணூற்று. ஆகவே சூத்திரத்தைத் தூக்கி வீசிவிட்டு இரண்டு பத்தி கொண்ட அட்டவணை ஒன்று போட்டேன். அடுத்த சொல் ப-விலோ த-விலோ தொடங்கினால் ஒற்று மிகும்: நூற்றுப் பத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம். அடுத்தது உயிரெழுத்தில் தொடங்கினால் சேர்ந்துகொள்ளும்: இருபத்து, ஒன்று, இருபத்தொன்று. இதைச் செய்ய முதல் சொல்லின் கடைசி உகரக் குறியை எடுத்துவிட்டு, அடுத்த சொல்லின் முதல் உயிரெழுத்தை அதற்குரிய குறியாக மாற்ற வேண்டும். ஒ, இ, ஐ, ஆ, ஏ, எ என்று ஆறே ஆறு உயிர்தான் ஒன்று முதல் ஒன்பதுக்குள் வருகிறது, ஆறு வரி அட்டவணை போதும். மூன்றும் நான்கும் மெய்யோடு தொடங்குவதால் அப்படியே நிற்கும். எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே இடம் விடுவது என்பதில் மட்டும் என் இஷ்டம் கொஞ்சம் உண்டு. ‘ஐந்நூற்றொன்று’ என்று சேர்க்கிறேன், ‘ஆயிரத்து ஒன்று’ என்பதைப் பிரித்தே விடுகிறேன், ரசீதில் வாசிக்க அதுதான் வசதி என்று பெரியப்பா சொன்னார். ஆயிரத்திலும் விதிவிலக்கு இருக்கிறது, 5,000 ஐயாயிரம், ஆனால் 25,000-ஐ இருபத்தைந்தாயிரம் என்றும் இருபத்தையாயிரம் என்றும் இரண்டு விதமாகவும் எங்கள் பக்கத்தில் கேட்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பேக்கேஜோடு போகும் விளக்கக் கோப்பான ரீட்மீயில் எழுதி வைத்துவிட்டேன்.

சரி, சோதனை. ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருளுக்கு நோட் என்று பெயர். நோட் 18-லிருந்து சோதனை ஓட்டும் வசதி உள்ளேயே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்கு அதுவே தாராளம். இன்ன எண் கொடுத்தால் இன்ன சொல் வர வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். எதிர்பார்க்கும் விடைகளுக்கு எங்கே போவது? என் நிரல் தருவதையே விடையாக வைத்தால் அது சோதனை ஆகாது. பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கொடைகளின் ரசீதுப் புத்தக அடிக்கட்டைகள் இருந்தன, கார்பன் வைத்து எழுதிய நீல எழுத்து, பல வருஷத்துக் கையெழுத்து. திண்ணையில் உட்கார்ந்து அவர் வாசிக்க வாசிக்க, என் சித்தி மகள் தன் போனில் தட்டச்சு செய்து அனுப்பினாள். ரூபாய் நூற்றொன்று மட்டும். ரூபாய் இருநூற்று ஐம்பத்தொன்று மட்டும். இப்படி அறுபது எழுபது வரி சேர்ந்தது.

ஓட்டிப் பார்த்தால் 21-லேயே தோல்வி. எதிர்பார்த்தது ‘இருபத்தொன்று’, கிடைத்தது ‘இருபத்தொன்று’ என்று திரை சொல்கிறது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது, ஒன்று 12, இன்னொன்று 13. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் முறையான யூனிகோடில் ‘ொ’ என்ற குறிக்குத் தனி இடம் உண்டு, ஆனால் அதையே ‘ெ’ என்ற கொம்பும் ‘ா’ என்ற காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சித்தி மகள் போனின் விசைப்பலகை இரண்டாகப் போட்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் சரங்களில், அதாவது எழுத்துத் தொடர்களில், ‘நார்மலைஸ்’ என்றொரு மெத்தட் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ் எழுத்தைத் தொடுகிற எந்த நிரலிலும், இரண்டு சரத்தை ஒப்பிடும் முன் இதைச் செய்துவிடுங்கள். தேடல், பெயர்ப் பட்டியல், உள்நுழைவு என்று எங்கே வேண்டுமானாலும் இது காலை வாரும்.

உள்ளே வருவதையும் சோதிக்க வேண்டும். பெரியப்பா 1,500 என்று காற்புள்ளியோடுதான் தட்டுவார், அதை அப்படியே எண்ணாக மாற்றினால் எண்ணே இல்லை என்றுதான் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும். பழைய நிரலில் அப்போது ரசீதில், மதிப்பே இல்லை என்று பொருள்படும் ‘அன்டிஃபைன்ட்’ அச்சாகும். இப்போது முழு எண் அல்லாதது எது வந்தாலும் பேக்கேஜ் பிழை எறிந்து நின்றுவிடும், காற்புள்ளியை நீக்கித் தருவது பக்கத்தின் பொறுப்பு. தப்பான ரசீது வெளியே போவதைவிட ரசீது வராமல் இருப்பது எவ்வளவோ மேல்.

பொட்டலம் கட்டும் கதைக்கு வருகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை வெளியிடவும் நிறுவவும் உள்ள பொது இடம் என்பிஎம். ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘என்பிஎம் இனிட்’ என்ற கட்டளை, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பேக்கேஜின் விவரங்களை வைத்திருக்கும் ‘பேக்கேஜ் ஜேசான்’ கோப்பு வந்துவிடும். பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும், நல்ல பெயரையெல்லாம் யாரோ எடுத்து வைத்திருப்பார்கள், அதனால் அட் குறி போட்டு உங்கள் பயனர் பெயரையும் சாய்கோட்டையும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், மோதல் வராது. அப்படிப்பட்ட பெயரை முதல் தடவை வெளியிடும்போது பொதுவானது என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தனியார் பேக்கேஜ் என்று எடுத்துக்கொண்டு காசு கட்டச் சொல்லும். நான் அங்கே அரை நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம், பேக்கேஜை நிரலுக்குள் எடுக்க இரண்டு முறை உண்டு, பழைய ‘ரிக்வயர்’ முறையா புதிய ‘இம்போர்ட்’ முறையா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் புதியதில் எழுதினேன், அண்ணாச்சி கடைக் கணினியில் இருந்ததோ நோட் 16, ரிக்வயரால் அதை எடுக்க முடியாமல் பிழை வந்தது. நோட் 22.12 முதல் ரிக்வயரும் அதை எடுத்துக்கொள்கிறது, ஆகவே கடையில் நோட்டைப் புதுப்பித்ததோடு பிரச்சினை தீர்ந்தது.

வெளியிடுவதற்கு முன் ‘என்பிஎம் லிங்க்’ போட்டு ரசீதுப் பக்கத்தில் இணைத்துப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. உடனே 1.0.0 என்று வெளியிட்டுவிட்டேன். ராத்திரி வேறொரு மடிக்கணினியில் நிறுவிப் பார்த்தால் கோப்பைக் காணோம் என்கிறது. பேக்கேஜ் ஜேசானில் எந்தெந்தக் கோப்பு உள்ளே போக வேண்டும் என்று பட்டியல் கொடுக்கலாம், அதில் முதன்மைக் கோப்பை மட்டும் எழுதியிருந்தேன், எண் அட்டவணை தனிக் கோப்பில் இருந்தது, அது வெளியே போகவே இல்லை. லிங்க் போட்டபோது ஏன் ஓடியது என்றால், லிங்க் என்பது என் ஃபோல்டருக்கே ஒரு குறுக்குவழி, அங்கே எல்லாக் கோப்பும் இருக்கத்தானே செய்யும்! இதற்கு ‘என்பிஎம் பேக்’ கட்டளைதான் மருந்து. வெளியே போகப்போகும் அதே பொட்டலத்தை உங்கள் கணினியிலேயே கட்டித் தரும், உள்ளே என்னென்ன கோப்பு என்று பட்டியலும் காட்டும், அந்தப் பொட்டலத்தை வேறொரு காலி ஃபோல்டரில் நிறுவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். ஒரு தடவை போன பதிப்பெண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, நீக்கினாலும் முடியாது. 1.0.0 பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவிட்டு 1.0.1 வெளியிட்டேன்.

பதிப்பெண் பற்றி நான் படித்த விதி எளிது: பிழை திருத்தினால் கடைசி எண், புதிதாகச் சேர்த்தால் நடு எண், பழையதை உடைத்தால் முதல் எண். எது உடைப்பது என்பதுதான் கடினமான கேள்வி. ‘ஐநூறு’ என்று தந்துகொண்டிருந்த இடத்தில் ‘ஐந்நூறு’ என்பதே சரி என்று வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ‘முன்னூறு’ என்பதும் ‘முந்நூறு’ ஆனது. எழுத்துப் பிழைதானே என்று 1.1.0-லிருந்து 1.1.1 ஆக்கி வெளியிட்டேன். மறுவாரம் டியூஷன் நண்பன் போன் செய்தான், 500 ரூபாய் கட்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை சுழியம் என்று காட்டுகிறதாம். போய்ப் பார்த்தால், ரசீதின் எழுத்தில் ‘ஐநூறு’ இருக்கிறதா என்று தேடி எண்ணும்படி அவன் தன் கணக்குத் தாளில் எழுதி வைத்திருக்கிறான். எண்ணை வைத்து எண்ண வேண்டியதுதானே என்று அவனிடம் கேட்கலாம். ஆனால் என் பேக்கேஜ் அந்தச் சொல்லைத் தந்தது, அவன் அதை நம்பினான், அதில் அவன் தப்பு என்ன இருக்கிறது? பழைய எழுத்தையே தரும்படி 1.1.2 போட்டுவிட்டு, புது எழுத்தை 2.0.0 ஆக வெளியிட்டேன். முதல் எண் மாறாதவரை புதியது வந்தாலும் சரி என்று பொருள்படும் கூரைக் குறி (^) போட்டு 1.1.0 என்று கேட்டிருப்பவர்களுக்கு 2.0.0 தானாகப் போகாது, விரும்பும்போது அவர்களே மாறிக்கொள்ளலாம். திரும்பி வரும் சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பேக்கேஜ் தேவையா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்ற 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார், அதை நேரடியாகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்கள் ஒரே நாளில் கட்ட முடியாமல் நின்றன. அதற்குப் பிறகுதான் வெளியிட்டதை நினைத்தபடி நீக்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் அடுத்தவர் பேக்கேஜை எடுக்கும்போது யோசியுங்கள், நாலு வரி என்றால் நீங்களே எழுதிவிடுங்கள். ஆனால் கற்பதற்காகச் செய்வது வேறு. சின்னதாக இருந்தால்தான் தொடக்கத்திலிருந்து வெளியீடு வரை எல்லாப் படியையும் ஒரே ஆள் ஏறிப் பார்க்க முடியும். பெரிதாக எடுத்தவர்கள் பாதியில் விட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ரீட்மீயைத் தமிழில் எழுதினேன், மூன்று எடுத்துக்காட்டு, செய்யாதவை இரண்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம். அதைப் பார்த்துவிட்டு முக்கூடலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி 1,01,000 போட்டால் என்ன வரும் என்று கேட்டிருந்தாள். ‘ஒரு லட்சத்து ஆயிரம்’ என்று வந்தது. ‘ஓராயிரம்’ என்று வரவேண்டாமா என்றாள். வர வேண்டும்தான். திருத்தத்தையும் சோதனை வரியையும் அவளையே எழுதி அனுப்பச் சொன்னேன், நான்கு நாளில் அனுப்பிவிட்டாள், எழுத்து மாறுகிறதே, இது எந்த எண் உயர வேண்டிய மாற்றம் என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போனில் பேசினோம்.

இந்தக் கொடைக்கு ரசீதெல்லாம் 2.0.0-தான் போட்டது. அண்ணாச்சி கடை இன்னும் 1.1.2-ல் நிற்கிறது. எடை போட்டு விற்கும் பித்தளைக்குப் பைசாவில் முடியும் பில் அவருக்கு வரும், என் பேக்கேஜ் அதை ஏற்காமல் பிழை எறிகிறது. இப்போதைக்குத் தொகையைக் கடைப் பக்கத்திலேயே முழு ரூபாயாக்கித் தருகிறோம். பைசாவை இன்னொரு தனி ஃபங்ஷனாகத்தான் சேர்ப்பேன், பழையதைத் தொடப்போவதில்லை. சோதனை வரிகளுக்கு அண்ணாச்சியிடம் பழைய கைப்பில் கட்டு ஒன்று கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.